தரவரிசை ஸ்னூக்கர் சுற்றுப்போட்டிகள்: வன்னி வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மேசையில் உள்ள பந்துகளைக் கோலால் அடித்துக் குழிகளுக்குள் விழுத்தும் விளையாட்டே ஸ்னூக்கர். வன்னியில் அதன் முழு அளவிலான மேசையை நேரிற் கண்டவர்கள் மிகச் சிலரே. ஆனாலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் உறவினர்கள் அனுப்பும் காணொளித் துண்டுகளாலும், இரவிரவாகக் கைத்தொலைபேசியில் ஓடும் நேரலைகளாலும், எமது ஊர்ச் சனசமூக நிலையத்தில் கரம் பலகையைச் சுற்றி நிற்பவர்களிடையே இவ்விளையாட்டைப் பற்றிய பேச்சு கூடிவிட்டது. அவர்கள் கேட்ட கேள்விகள் பலவாயினும் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து முட்டின: கிண்ணம் வென்றவரின் மகிழ்ச்சி விளங்குகிறது, ஆனால் இரண்டாம் சுற்றில் தோற்றவர் ஏன் வீட்டைப் பறிகொடுத்தவர்போல நிற்கிறார்? அதற்கான விடை தரவரிசைப் பட்டியலில் இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறோம்.

தரவரிசைச் சுற்றுப்போட்டி என்றால் என்ன?

தொழில்முறை ஸ்னூக்கர் வீரர்கள் ஆண்டு முழுவதும் ஊர் ஊராகச் சென்று விளையாடும் சுற்றுப்போட்டிகளின் தொடர் ஒன்று உண்டு. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்து, ஜேர்மனி, சீனா, சவூதி அரேபியா எனப் பல இடங்களில் அவை நடைபெறுகின்றன. அவற்றுள் எவற்றில் ஈட்டிய பணம் வீரரின் உலகத் தரவரிசைக் கணக்கில் ஏறுகிறதோ அவையே தரவரிசைச் சுற்றுப்போட்டிகள் எனப்படுகின்றன. பரிசும் கிண்ணமும் மற்றப் போட்டிகளிலும் உண்டு. கணக்கில் ஏறுவதுதான் வேறுபாடு. இத்தகைய பட்டியல் முதன்முதலில் 1976 இல் வெளியிடப்பட்டது. அப்போது அதற்கு முந்திய மூன்று உலகக் கிண்ணப் போட்டிகளின் (உலகச் சம்பியன்ஷிப்) பெறுபேறுகள் மட்டுமே கணக்கில் எடுக்கப்பட்டன.

புள்ளிகள் எவ்வாறு கணிக்கப்படுகின்றன?

2014 இற்குப் பின்னர் கணக்கு மிக எளிதாகிவிட்டது: ஒரு பவுண் பரிசுப் பணம் ஒரு புள்ளி. உலகக் கிண்ணத்தை வெல்பவருக்கு அண்மைக் காலமாக வழங்கப்பட்டுவரும் தொகை 5,00,000 பவுண். ஆகவே அவருக்கு ஐந்து இலட்சம் புள்ளிகள். இறுதியாட்டத்தில் தோற்றவருக்கு 2,00,000, அரையிறுதியில் தோற்றவருக்கு 1,00,000, காலிறுதியில் தோற்றவருக்கு 50,000. பிரதான சுற்றின் முதல் ஆட்டத்திலேயே வெளியேறுபவருக்கும் 20,000 பவுண் பரிசு கிடைக்கிறது. எதிராளிக்கு முறை போகாமல் ஒரே தொடரில் மிகக் கூடிய புள்ளி எடுத்தவருக்குத் தனியாக வழங்கப்படும் பரிசு இக்கணக்கிற் சேராது.

இனி, சிக்கலான பகுதிக்கு வருவோம். பட்டியல் எப்போதும் கடந்த இரண்டு ஆண்டுகளையே காட்டுகிறது. இதை விளக்குவதற்கு எமக்குக் கிடைத்த நல்ல உவமை நெற்கொட்டில்தான். இவ்வருடக் காலபோக நெல் உள்ளே வரும்போது, இரண்டு வருடத்துக்கு முந்திய காலபோக நெல் முழுவதையும் வெளியே எடுத்துவிட வேண்டும் என்றொரு கட்டளை இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அன்றைய விளைச்சல் நூறு மூடை, இன்றைய விளைச்சல் இருபது மூடை என்றால், புதிய நெல் வந்த பின்னரும் கொட்டில் எண்பது மூடையால் குறைந்துபோகும். ஸ்னூக்கர் வீரரின் நிலையும் இதுவே. இரண்டு வருடங்களுக்கு முன்னர் ஒரு சுற்றுப்போட்டியை வென்றவர், அதே போட்டிக்கு இம்முறை திரும்பி வரும்போது முதல் நாளே தோற்றால், அன்று பெற்ற புள்ளிகள் கழிந்து பல இடங்கள் கீழே சரிந்துவிடுவார். வர்ணனையாளர்கள் ஒரு வீரர் புள்ளிகளைக் 'காத்துக்கொள்கிறார்' என்று சொல்வது இதனைத்தான்.

இம்முறையில் ஒரு குறையும் உண்டு என்பது எமது எண்ணம். பணமே புள்ளியாக இருப்பதால், பரிசுத்தொகை பெரிய ஒரேயொரு போட்டியில் நன்றாக ஆடியவர், வருடம் முழுவதும் சீராக ஆடியவரைத் தாண்டிச் சென்றுவிடலாம். ஆயினும் முந்திய காலத்துப் புள்ளி அட்டவணைகளை விட இது எவருக்கும் விளங்கக்கூடியது. அடுத்த சுற்றை வென்றால் தான் எங்கே நிற்பேன் என்பதை வீரர் மேசையருகே இருந்தபடியே விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தரவரிசையில் முன்னுக்கு இருப்பதால் என்ன பயன்?

முதல் 16 இடங்களில் இருப்பவர்கள் உலகக் கிண்ணத்தின் தகுதிகாண் சுற்றுகளில் ஆடத் தேவையில்லை. நேரடியாகப் பிரதான சுற்றுக்குச் செல்கின்றனர். அழைப்புப் போட்டிகளின் கதவும் பெரும்பாலும் அவர்களுக்கே திறக்கும். ஆனால் உண்மையான கத்தி 64 ஆம் இடத்திற்றான் தொங்குகிறது. தொழில்முறைச் சுற்றில் ஏறத்தாழ 128 பேர் இருக்கின்றனர். பருவத்தின் கடைசிப் போட்டியாகிய உலகக் கிண்ணம் முடிந்த கையோடு, முதல் 64 இடங்களுக்குள் நிற்பவர்கள் தமது இடத்தைத் தக்கவைத்துக்கொள்வர். புதிதாக நுழைவோருக்குக் கிடைக்கும் இரண்டு வருட அனுமதியின் முதல் வருடத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வருடம் கிடைக்கும். அந்தப் பருவத்தின் பணத்தை மட்டும் கணக்கிடும் தனியான ஒரு வருடப் பட்டியலில் முன்னிற்கும் சிலருக்கும் வழியுண்டு. எஞ்சியவர்கள் தொழிலை இழக்கின்றனர். கிண்ணம் வெல்லும் வாய்ப்பே இல்லாத ஒருவர் இரண்டாம் சுற்றில் கைநடுங்க ஆடுவதன் காரணம் இதுதான்: அவர் ஆடுவது கிண்ணத்துக்காக அல்ல, அடுத்த வருடமும் இத்தொழிலில் இருப்பதற்காக.

வெளியிலிருந்து ஒருவர் இச்சுற்றுக்குள் எவ்வாறு நுழைகிறார்?

வருடந்தோறும் பருவ முடிவில் 'கியூ ஸ்கூல்' எனப்படும் தகுதிகாண் போட்டிகள் நடைபெறுகின்றன. பெயரிற் பள்ளிக்கூடம் இருந்தாலும் அங்கே எவரும் கற்பிப்பதில்லை. கட்டணம் செலுத்தி, அடுத்தடுத்து ஆட்டங்களை வென்று, இறுதியில் எஞ்சுபவர்களுக்கு இரண்டு வருட அனுமதி கிடைக்கிறது. ஆசிய, ஓசியானிய வீரர்களுக்குத் தனியாக ஒரு கியூ ஸ்கூலும் நடத்தப்படுகிறது. ஆசியச் சம்பியன் போன்ற அமெச்சூர் (தொழில்முறை அல்லாத) பட்டங்களை வெல்பவர்களுக்கும் இடம் ஒதுக்கப்படுகிறது.

உள்ளே நுழைந்த பின்னர்தான் செலவு தொடங்குகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். சீனாவில் நடைபெறும் போட்டிக்குக்கூட ஆரம்பத் தகுதிகாண் ஆட்டங்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலேயே நடைபெறுவதால், ஆசிய வீரர்கள் பலர் ஷெபீல்ட் போன்ற நகரங்களில் வீடு எடுத்துத் தங்கிப் பயிற்சி செய்கின்றனர். விசா, விமானச்சீட்டு, வாடகை என்பவற்றைப் புள்ளிப்பட்டியல் கணக்கிலெடுப்பதில்லை.

அமெச்சூர் வீரர் ஒருவர் உலகக் கிண்ணத்தை வென்றது உண்மையா?

உண்மை. 2025 மே மாதத்தில் சீனாவின் சாவோ சின்தொங் இறுதியாட்டத்தில் மார்க் வில்லியம்ஸை 18–12 என்ற கணக்கில் வென்று, அப்பட்டத்தைப் பெற்ற முதல் ஆசியராகவும் முதல் அமெச்சூராகவும் ஆனார். ஆட்ட நிர்ணயம் தொடர்பான விசாரணையில் 2023 இல் சீன வீரர்கள் பத்துப் பேர் தண்டிக்கப்பட்டனர்; அவர்களுள் இருவருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. சாவோ தானாக எந்த ஆட்டத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை; எனினும் இன்னொருவர் விட்டுக்கொடுத்ததில் சம்பந்தப்பட்டதற்காகவும் பந்தயம் கட்டியதற்காகவும் 20 மாதத் தடை பெற்றார். தடை முடிந்து வந்தபோது அவரிடம் தொழில்முறை அனுமதி இருக்கவில்லை. ஆகையால் நான்கு தகுதிகாண் ஆட்டங்களை வென்று பிரதான சுற்றுக்கு வந்து, அரையிறுதியில் ரொனி ஓ'சலிவனை 17–7 என்று வீழ்த்தி, பட்டத்தையும் எடுத்தார். ஐந்து இலட்சம் புள்ளிகள் ஒரே நாளில் கணக்கில் விழுந்தமையால், பட்டியலிலேயே இல்லாதிருந்தவர் 11 ஆம் இடத்தில் வந்து நின்றார். பணமே புள்ளி என்ற முறை எவ்வளவு வேகமாக ஒருவரைத் தூக்கிவிடக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

எல்லாப் பெரிய போட்டிகளும் தரவரிசைப் போட்டிகளா?

இல்லை. இலண்டனில் ஜனவரியில் நடைபெறும் மாஸ்டர்ஸ், மிகப் பெரிய மூன்று பட்டங்களுள் ஒன்று. ஆனால் முதல் 16 பேருக்கு மட்டுமே அழைப்பு என்பதால் அதற்குப் புள்ளி கிடையாது. மறுபுறத்தில், ஒரு பிரேமை (பந்துகளை ஒரு தடவை அடுக்கி ஆடும் ஆட்டம்) பத்தே நிமிடங்களில் முடித்துவிடும் ஷூட் அவுட் போட்டிக்கு 2017 இல் தரவரிசைத் தகுதி கொடுக்கப்பட்டபோது, பல வீரர்களே முகம் சுளித்தனர். அவர்கள் பக்கத்தில்தான் நியாயம் இருந்தது.

கரம் தெரிந்தவர் ஸ்னூக்கர் விதிகளை எவ்வாறு விளங்கிக்கொள்ளலாம்?

கரத்தில் சிவப்புக் காயைப் போட்டால் அடுத்து ஒரு காயைப் போட்டு அதற்குக் கவர் எடுக்க வேண்டும் என்பது அனைவருக்கும் தெரியும். ஸ்னூக்கரில் ஆட்டம் முழுவதுமே இத்தகைய இணைகளால் ஆனது. மேசையில் 15 சிவப்புப் பந்துகள், ஆறு நிறப்பந்துகள், அடிக்கும் வெள்ளைப் பந்து என மொத்தம் 22 பந்துகள் உள்ளன. ஒரு சிவப்பைக் குழிக்குள் விழுத்தினால் ஒரு புள்ளி. அதன் பின்னர் ஒரு நிறப்பந்தை விழுத்த வேண்டும். மஞ்சளுக்கு 2, பச்சைக்கு 3, கபிலத்துக்கு 4, நீலத்துக்கு 5, இளஞ்சிவப்புக்கு 6, கறுப்புக்கு 7. நிறப்பந்து மீண்டும் தன் இடத்தில் வைக்கப்படும், சிவப்பு வைக்கப்படாது. சிவப்புகள் தீர்ந்த பின்னர் நிறப்பந்துகளை மஞ்சளிலிருந்து கறுப்பு வரை ஒழுங்காக விழுத்த வேண்டும். விழுத்தத் தவறினால் முறை எதிராளிக்குச் செல்லும். இவ்வாறு ஒரு தடவை பந்துகளை அடுக்கி ஆடி முடிப்பது ஒரு பிரேம். கரத்தில் ஒரு போர்ட் போல.

கோணம் பார்க்கும் கண் கரத்திலிருந்து அப்படியே வரும். ஆனால் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. புதிதாகப் பார்ப்பவர்கள் தவறவிடுவதும் அதைத்தான். கரத்தில் ஒவ்வோர் அடிக்கும் ஸ்ரைக்கரை எடுத்துவந்து கோட்டில் விரும்பிய இடத்தில் வைத்துக்கொள்கிறோம். ஸ்னூக்கரில் வெள்ளைப் பந்து எங்கே போய் நின்றதோ அங்கிருந்தே அடுத்த அடியை அடிக்க வேண்டும். ஆகவே பந்தைக் குழிக்குள் விழுத்துவது பாதி வேலைதான்; விழுத்திய பின்னர் வெள்ளை எங்கே போய் நிற்கப்போகிறது என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பதே மீதி. தேர்ந்த வீரர் ஆடும்போது எல்லாப் பந்துகளும் இலகுவானவைபோலத் தோன்றுவதற்குக் காரணம், கடினமான அடி வராதபடி மூன்று அடிக்கு முன்னரே அவர் வெள்ளையை ஓட்டிவந்திருப்பதுதான். இனிப் பார்க்கும்போது விழும் பந்தைப் பாராமல் வெள்ளையைப் பாருங்கள்.

147 என்ற எண் எங்கிருந்து வருகிறது?

பதினைந்து சிவப்புகளுக்கும் ஒவ்வொரு தடவையும் கறுப்பையே இணையாக எடுத்தால் 15 × 8 = 120; இறுதி ஆறு நிறப்பந்துகளின் கூட்டுத்தொகை 27. இவ்வாறு எதிராளிக்கு இடங்கொடாமல் ஒரே மூச்சில் எடுக்கும் 147 முழுமையான ஆட்டமாகக் கருதப்படுகிறது. 1997 உலகக் கிண்ணத்தில் ஓ'சலிவன் இதனை 5 நிமிடம் 8 செக்கன்களில் எடுத்தார். தேநீர் ஆற்றக்கூட அந்நேரம் போதாது.

பந்துகள் இன்னும் மேசையில் இருக்கும்போதே வீரர் ஏன் கைகொடுத்துத் தோல்வியை ஏற்கிறார்?

மேசையில் எஞ்சியிருக்கும் புள்ளிகளை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். இரண்டு சிவப்புகள் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் கறுப்பையும் சேர்த்து 16, நிறப்பந்துகள் 27, மொத்தம் 43. பின்தங்கியிருப்பவர் 44 புள்ளிகள் குறைவாக இருந்தால், எல்லாப் பந்துகளையும் விழுத்தினாலும் வெல்ல முடியாது. அப்போது அவருக்கு உள்ள ஒரே வழி எதிராளியைத் தவறு செய்ய வைப்பது. அடிக்க வேண்டிய பந்தை இன்னொரு பந்துக்குப் பின்னால் மறைத்துவிடுவதுதான் 'ஸ்னூக்கர்' போடுதல். மறைவிலிருந்து தப்பத் தவறினால் குறைந்தது 4, கூடியது 7 புள்ளிகள் எதிராளிக்குச் சேரும். இத்தகைய தவறுகள் இரண்டு மூன்று தேவைப்படும் நிலையில் பெரும்பாலானோர் எழுந்து கைகொடுத்துவிடுவர்.

நடுவர் 'மிஸ்' என்று சொல்லிப் பந்துகளைப் பழைய இடத்தில் வைப்பது ஏன்?

மறைவில் சிக்கியவர் வேண்டுமென்றே மெல்லத் தட்டித் தவறவிட்டு, நாலு புள்ளியைக் கொடுத்துவிட்டுத் தப்பிவிடக்கூடாது என்பதற்காக. போதிய முயற்சி எடுக்கவில்லை என்று நடுவர் கருதினால், பந்துகளை முன்பிருந்தவாறே வைத்து அவரையே மீண்டும் அடிக்கும்படி எதிராளி கேட்கலாம். அடிக்க வேண்டிய பந்து மறைவின்றி முழுதாகத் தெரியும் நிலையில் தொடர்ந்து மூன்று தடவை தவறினால் பிரேமே பறிபோகும். வெள்ளைக் கையுறையணிந்த நடுவர், திரையைப் பார்த்துப் பார்த்துப் பந்தை ஒரு மயிரளவு நகர்த்தி வைக்கும் காட்சி பொறுமையைச் சோதிப்பது என்பதை மறுப்பதற்கில்லை.

ஓர் ஆட்டம் எவ்வளவு நேரம் நீடிக்கும்?

போட்டிக்குப் போட்டி வேறுபடும். சாதாரணத் தரவரிசைப் போட்டியின் ஆரம்பச் சுற்றுகளில் நான்கு அல்லது ஐந்து பிரேம்களை முதலில் வெல்பவர் வெற்றியாளர். உலகக் கிண்ணம் மட்டும் தனி உலகம். 1977 முதல் ஷெபீல்டின் குருசிபிள் நாடக அரங்கில் நடைபெற்றுவரும் அப்போட்டி 17 நாட்கள் நீடிக்கிறது. இறுதியாட்டத்தில் 18 பிரேம்களை வெல்ல வேண்டும், அதற்கு இரண்டு நாட்கள் செல்லும். 1985 இல் டெனிஸ் டெய்லரும் ஸ்டீவ் டேவிஸும் 17–17 என்று நின்று, கடைசிப் பிரேமின் கடைசிக் கறுப்பில் டெய்லர் வென்றபோது அங்கே நள்ளிரவு கடந்திருந்தது. 1 கோடியே 85 இலட்சம் பேர் தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

எமது நேரப்படி எப்போது பார்க்கலாம்?

ஏப்ரல், மே மாதங்களில் இங்கிலாந்து எம்மைவிட நாலரை மணித்தியாலம் பின்னால் இருக்கிறது. குருசிபிளில் காலை 10 மணி அமர்வு எமக்குப் பிற்பகல் 2.30, பிற்பகல் 2.30 அமர்வு இரவு 7.00, இரவு 7 மணி அமர்வு இரவு 11.30. குளிர்காலத்தில் வேறுபாடு ஐந்தரை மணித்தியாலமாகிவிடுவதால், அங்கே இரவு 7 மணிக்குத் தொடங்குவது எமக்கு நள்ளிரவு 12.30. விடியற்காலையில் வயலுக்குப் போகவேண்டியவர்களுக்குச் சீனப் போட்டிகளே உகந்தவை: சீனா எம்மைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னால் இருப்பதால், அங்கே இரவு 7.30 என்பது எமக்கு மாலை 5 மணி.

இவ்விளையாட்டுக்கும் எமது பக்கத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

பலர் நினைப்பதைவிட அதிகமாகவே உண்டு. ஸ்னூக்கர் பிறந்தது இங்கிலாந்தில் அல்ல, இந்தியாவில். 1875 இல் ஜபல்பூரில் இருந்த நெவில் சேம்பர்லேன் என்ற பிரித்தானியப் படை அதிகாரி, பின்னாளில் அதே பெயரில் வந்த பிரதமர் அல்லர், பழைய மேசைப் பந்தாட்டத்தில் நிறப்பந்துகளைச் சேர்த்து இதை உருவாக்கினார். புதிதாகச் சேர்ந்த படைப் பயிலுநரைக் கேலியாக அழைக்கும் சொல்லே விளையாட்டின் பெயராயிற்று. அதன் விதிகள் எழுத்தில் வந்தது தமிழ்நாட்டின் ஊட்டியிலுள்ள கழகத்தில், 1882 இல்.

இலங்கைக்கும் பெருமை உண்டு. எம். ஜே. எம். லாபீர் 1973 இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் சம்பியனானார். அது மூன்று பந்துகளால் ஆடும் வேறு விளையாட்டென்றாலும் மேசையும் கோலும் ஒன்றே. தொழில்முறைத் தரவரிசைப் போட்டிகளுள் எமக்கு மிக அருகில் வந்தது 2019 இல் கேரளத்தின் கொச்சியில் நடைபெற்ற இந்தியன் ஓப்பன். அதை மத்தியூ செல்ட் வென்றார். அதே போட்டி 2013 இல் டில்லியில் நடைபெற்றபோது இந்தியாவின் ஆதித்ய மேத்தா இறுதியாட்டம் வரை சென்று, சீனாவின் டிங் ஜுன்ஹுயிடம் தோற்றார்.

பெண்கள் இச்சுற்றில் ஆடலாமா?

ஆடலாம், தடை எதுவும் இல்லை. பெண்களுக்கெனத் தனியான உலகச் சுற்றும் உண்டு. 2021 முதல் அதில் முன்னிற்பவர்களுக்குத் தொழில்முறை அனுமதியும் வழங்கப்படுகிறது. இங்கிலாந்தின் ரியான் எவன்ஸ் 12 தடவை பெண்கள் உலகச் சம்பியன். தாய்லாந்தின் நுச்சரத் 2019 இல் ஒரு பயிற்சி ஆட்டத்தில் 147 எடுத்தார்.

எமது ஊரில் ஒரு மேசை போட முடியுமா?

முடியும்; ஆனால் யோசித்துச் செய்ய வேண்டிய வேலை. முழு அளவு மேசை 12 அடி நீளமும் 6 அடி அகலமும் கொண்டது. கோலை எல்லாப் பக்கமும் தாராளமாக இழுத்து அடிப்பதற்கு ஏறத்தாழ 22 அடிக்கு 16 அடி அளவான தனியறை வேண்டும். துணிக்கு அடியில் இருப்பது பலகை அல்ல, கற்பலகை. ஆகவே மேசையின் எடை ஒரு தொன்னைத் தாண்டும். இறங்காத சீமெந்து நிலம் இல்லாவிட்டால் மட்டம் குலைந்து, மெல்ல அடித்த பந்து தானாக ஒரு பக்கம் ஓடும். கம்பளித் துணி ஈரத்தை உறிஞ்சும். தொழில்முறை மேசைகளில் கற்பலகைக்கு அடியில் வெப்பமூட்டி பொருத்தி அந்த ஈரத்தைப் போக்குகின்றனர். மாரி மழையில், தகரக் கூரைக்குக் கீழே, மின்சாரம் வந்து வந்து போகும் இடத்தில் அதே மேசையில் பந்து சேற்றில் உருள்வதுபோல உருளும். கறையான் கால்களைத் தின்பது தனிக்கதை.

இக்காரணங்களால், முதலில் ஏழு அல்லது எட்டு அடிச் சிறிய பூல் மேசை ஒன்றைப் போட்டு, ஆறு சிவப்புகளுடன் ஆடும் சுருக்கமான ஸ்னூக்கரை அதிற் பழகுவதே சரியென்பது எமது கருத்து. வெள்ளையை ஆளும் கைப்பழக்கத்தைக் கற்பதற்கு அது போதும். கற்பலகை மேசைக்காகக் காத்திருந்தால் இப்போது கரம் ஆடும் பிள்ளைகள் பேரப்பிள்ளை கண்டுவிடுவர்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர் எந்த ஆட்டத்தை முதலிற் பார்க்க வேண்டும்?

மே மாதத்தின் முதல் திங்களில் முடியும் உலகக் கிண்ண இறுதியாட்டத்தைப் பலர் பரிந்துரைப்பர். நாம் அதற்கு மூன்று கிழமைக்கு முன்னர் ஷெபீல்டில் நடைபெறும் கடைசித் தகுதிகாண் சுற்றையே சொல்வோம். பதினாறு ஆட்டங்கள், ஒவ்வொன்றிலும் பத்துப் பிரேம்களை முதலில் எடுப்பவருக்கு வெற்றி, வெல்பவர்களுக்குக் குருசிபிளின் 16 இடங்கள். அவ்வாட்டங்கள் நடக்கும்போது பட்டியலின் 60 ஆம் இடத்திலிருந்து 70 ஆம் இடம் வரையுள்ள பெயர்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் மேசையில் ஒருவர் வெல்லும்போது, நாலாவது மேசையில், இன்னும் பந்தைத் தொடாமல் கதிரையில் இருக்கும் ஒருவரின் தொழில் போய்விடக்கூடும்.